முன்கூட்டியே எழுதிய ஐம்பத்தொன்பது

ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தொண்ணூற்றொன்பது நாடுகளோடு பேச்சு இருந்தது. எதிர்வீட்டோடு மட்டும் கிடையாது.

காரணம், வீட்டிலிருந்தே உலகத்தோடு பேசும் பொழுதுபோக்கான ஹாம் ரேடியோவுக்காக மொட்டைமாடியில் அவர் கட்டியிருந்த கம்பி. தங்கள் வீட்டில் பால் திரிந்துபோவதே அந்தக் கம்பியால்தான் என்று எதிர்வீட்டுக்காரர் குடியிருப்போர் சங்கத்தில் எழுதிக் கொடுத்தார். கம்பி இறங்கியது. உண்மையில் தொல்லை எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. எட்டு மாடி மின்சாரமும் இவருடைய ரேடியோவுக்குள்தான் இரைந்தது. எந்த வீட்டு மிக்ஸி, எந்த வீட்டு மின்விசிறி என்று இரைச்சலை வைத்தே சொல்லிவிடுவார். ஒருமுறை ஐந்தாம் மாடிக்குப் போன் போட்டு, ஃப்ரிட்ஜ் கதவு சரியாகச் சாத்தவில்லை, பாருங்கள் என்றார். பார்த்தார்கள், சாத்தியிருக்கவில்லை. அன்று முதல் அந்த வீட்டு அம்மாள் தலைவாரிக்கொண்டுதான் சமையலறைக்குள் போகிறார் என்று கேள்வி.

ஆகவே குன்று. ஊருக்கு வெளியே, குடிதண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் மொட்டைப் பாறை. அங்கே இரைச்சல் இல்லை. பெரிய தூண்டில் கழியை நட்டு, அதன் நுனியிலிருந்து கம்பியை இழுத்துக் கட்டி, செருப்புப் பெட்டி அளவு ரேடியோவை ஸ்கூட்டர் பேட்டரியோடு இணைத்தால் நிலையம் தயார். சக்தி ஐந்து வாட். கழிவறை பல்புக்குக்கூடக் காணாது. அதை வைத்துத்தான் தொண்ணூற்றொன்பது. நூறு நாடு தொட்டால் ஒரு சான்றிதழ் உண்டு. ஆறு வருடமாக மனிதர் தொண்ணூற்றொன்பதிலேயே நின்றுகொண்டிருந்தார். இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட் என்பாள் மனைவி.

நூறாவது இப்போது கைக்கெட்டும் தூரத்தில் வந்திருந்தது. கைக்கெட்டும் தூரம் என்றால் ஒன்பதாயிரம் கிலோமீட்டர். நடுக்கடலில் ஒரு பாறைத் தீவு. ஆள் இல்லை, மரம் இல்லை, பறவைகள் மட்டும். ஹாம்காரர்களின் பட்டியலில் மட்டும் அது தனி நாடு. மூன்று பேர் இரண்டு வாரத்துக்கென்று ரேடியோவோடு போய் இறங்கியிருந்தார்கள். இதற்கு முன் அங்கே ஆள் போனது பத்தொன்பது வருடத்துக்கு முன்னால். அடுத்து யாராவது போவதற்குள் தமக்கு எண்பத்தெட்டு ஆகிவிடும் என்று அவர் கணக்குப் போட்டார். பன்னிரண்டு நாள் கூப்பிட்டும் பலிக்கவில்லை. இன்று கடைசி நாள். மூன்று மணிக்கு அவர்களுக்குப் படகு.

மனைவி குடை பிடிக்க வந்திருந்தாள். முப்பது வருடம் ஆஸ்பத்திரி வார்டில் தலைமை நர்ஸ். வெயிலில் சுருண்டு விழுந்தவர்களை நிறையப் பார்த்தவள்.

ரேடியோவில் பேசியதாகக் கணக்கில் வர ஒரு முறை உண்டு. இருவரும் அடுத்தவர் அழைப்புக்குறியை, அதாவது உரிமத்தில் பேருக்குப் பதிலாகக் கொடுத்த எழுத்துகளை, சரியாகக் கேட்க வேண்டும். எதிராளியின் குரல் எப்படிக் கேட்கிறது என்று ஆளுக்கொரு மதிப்பெண் சொல்லிக்கொள்ள வேண்டும். தெளிவுக்கு ஐந்து வரை, வலுவுக்கு ஒன்பது வரை. நடைமுறையில் எல்லோரும் எல்லோருக்கும் ஐந்தையும் ஒன்பதையும் சேர்த்து ஐம்பத்தொன்பதே சொல்வார்கள். சௌக்கியமா என்றால் சௌக்கியம் என்கிறோமே, அந்த மாதிரி. கிணற்றுக்குள்ளிருந்து முனகினாலும் ஐம்பத்தொன்பது. அதனால் கைக்கு வேலை மிச்சம் என்று, நோட்டில் அந்தக் கட்டத்தை முதலிலேயே நிரப்பிவைத்துவிடுவது அவர் வழக்கம்.

ஒன்றே முக்கால் மணி. தீவுக்காரரை நோக்கி முந்நூறு பேர் ஒரே நேரத்தில் கத்திவிட்டு மூச்சு வாங்கிய அரை விநாடியில், இவர் தம் அழைப்புக்குறியை நிதானமாக உள்ளே வைத்தார். அது திரும்பி வந்தது, எழுத்துப் பிசகாமல். அடுத்து மதிப்பெண் வர வேண்டிய இடத்தில், பாத்திரத்தை மூடியால் மூடியது போலக் குரல் அமுங்கிவிட்டது. இவர் பழக்க தோஷத்தில் நன்றி, உங்களுக்கும் ஐம்பத்தொன்பது என்று சொல்லி முடித்தார். குரல் மறுபடி மேலே வந்தபோது நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

நூறு என்றார் மனைவியிடம்.

"அந்த ஆளு உங்களுக்கு என்ன மார்க் போட்டாரு?"

அவர் நோட்டைக் காட்டினார்.

"எழுதினதைக் கேக்கலை. அது அவரு வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே எழுதியிருந்துச்சு. குடையைப் பிடிச்சுக்கிட்டு அதைத்தானே பார்த்துக்கிட்டிருந்தேன்."

எல்லோரும் சொல்வது அதேதான் என்றார். தீவுக்காரர் பட்டியலில் தம் பேர் ஏறியிருக்கும், யாரும் கேட்கப் போவதில்லை என்றார். அவள் குடையைக் கைமாற்றிக்கொண்டாள்.

"எங்க வார்டுல ஒரு பொண்ணு இருந்தா. நாலு மணி டெம்பரேச்சரை மூணு மணிக்கே சார்ட்ல எழுதிடுவா. எல்லாருக்கும் நார்மல்தானே சிஸ்டர்ம்பா. பெரும்பாலும் அவ எழுதினது சரியாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் என்ன தப்பு?"

"யாரும் தொட்டுப் பார்க்கலை. அதான்."

ஊருக்கெல்லாம் அளப்பவர் அவர். தாம் பழுது பார்க்கப் போன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்த இரண்டு குடும்பங்கள், கதவு திறப்பதற்குள் சம்பந்தியாகிவிட்டன என்று சொல்லி நம்பவைத்தவர். ஆனால் அந்த நோட்டில் பொய் எழுதியதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

மறுபடி கூப்பிட வேண்டும். அதில் ஒரு வெட்கக்கேடு இருந்தது. ஒருமுறை பேசியவர் திரும்பக் கூப்பிடக் கூடாது; டிக்கெட் வாங்கியவன் வரிசையில் மறுபடி வந்து இடிப்பது போன்றது அது. அப்படி இடித்தவர்களை அவரே கழுவிக் கழுவி ஊற்றியிருக்கிறார். பத்து நிமிடம் யோசித்தார். பிறகு கூப்பிட ஆரம்பித்தார். இரண்டு மணி, இரண்டரை. பேட்டரி இறங்கிக்கொண்டே வந்தது.

இரண்டு ஐம்பதுக்குத் தீவுக்காரருக்குக் கேட்டது. நீங்கள்தான் ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறீர்களே என்றது அந்தக் குரல், சலிப்போடு. நீங்கள் கொடுத்த மதிப்பெண் எனக்குக் கேட்கவில்லை, கேட்காததை எழுதிவிட்டேன் என்றார் இவர்.

அந்தப் பக்கம் கூடாரத் துணி படபடத்தது.

முப்பத்துமூன்று என்றது குரல். முதலில் சொன்னதும் அதுதான். ரொம்பச் சிரமப்பட்டுத்தான் கேட்கிறது.

அவர் ஐம்பத்தொன்பதை அடித்துவிட்டு முப்பத்துமூன்று என்று எழுதினார். எழுதியதையே பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாளில் இவ்வளவு மோசமான மதிப்பெண்ணை யாரும் அவருக்குக் கொடுத்ததில்லை. இரண்டு வாரமாகத் தூங்காத ஒருவர், காதில் கருவியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இவ்வளவுதான் நீ என்று அளந்து சொல்லியிருக்கிறார்.

"முப்பத்துமூணுன்னா நல்லதா, கெட்டதா?"

"கெட்டது."

"பின்ன எதுக்குச் சிரிக்கறீங்க?"

அவர் நோட்டின் பின்பக்கங்களைப் புரட்டினார். கட்டத்தை முன்கூட்டியே நிரப்ப ஆரம்பித்தது எப்போதிலிருந்து என்று தேடினார். ஒவ்வொரு வரியாக விரலை வைத்து, இது கேட்டது, இது கேட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். சில வரிகளில் விரல் நின்றது. அங்கெல்லாம் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டார்.

"இப்ப மொத்தம் எத்தனை?"

"தொண்ணூத்தி நாலு."

அவள் குடையை அவர் தலைக்கு மேல் நகர்த்திப் பிடித்தாள். ரேடியோவில் தீவு இருந்த இடத்தில் இப்போது வெறும் காற்றுச் சத்தம்தான். அவர் குமிழைத் திருப்பிக் கேள்விக்குறி போட்ட முதல் நாட்டைத் தேட ஆரம்பித்தார். நோட்டின் புது வரியில் மதிப்பெண் கட்டம் காலியாக இருந்தது.