செவ்வாய்க்கிழமை அறை

நாகர்கோவிலில் குடியை விட்டவர்களின் கூட்டம் நடக்கும் அறை, செவ்வாய்க்கிழமை தோறும் ஊருக்குள் நடந்துபோகும். ஒரு கதவு, இரண்டு ஜன்னல், ஓட்டுக்கூரை. மற்ற நாட்களில் அது எங்கே இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

நான் மின்சார மீட்டர் கணக்கெடுப்பவன். பத்தொன்பது வருடங்களில் இந்த ஊரின் எல்லாக் கதவுகளையும் தட்டியிருக்கிறேன், அந்தக் கதவைத் தவிர. அதற்கு மீட்டர் கிடையாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் குடிக்காமலிருந்த மூன்றாவது நாள். காலையில் ஒரு வீட்டில் ஏழு என்று எழுதினால் ஏழாக வரவில்லை. மனைவி ஸ்டெல்லா ஒரு போன் நம்பரை என் சட்டைப்பையில் வைத்தாள். "இன்னைக்கு அங்க போகலன்னா இனி நான் உங்ககூட சண்டைகூடப் போட மாட்டேன்" என்றாள். அவள் குரலை உயர்த்தவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

மாலை ஐந்து மணிக்கு அந்த நம்பரைக் கூப்பிட்டேன். நீலகண்டன் என்று ஒருவர் எடுத்தார்.

"இப்ப வடசேரி சந்தைக்குப் பின்னால நிக்குது. கிளம்பப் போகுது. நீங்க ஓடி வர வேண்டாம். கை நடுங்குறவங்க நடையைவிட வேகமா அது ஒருநாளும் போனதில்ல."

சந்தைக்குப் பின்னால் போனேன். மழை பெய்து விட்டிருந்தது. தரையெல்லாம் ஈரம், நடுவில் ஓர் அறை அளவுக்கு மட்டும் காய்ந்திருந்தது. கீரை விற்கும் அம்மா அந்தக் காய்ந்த இடத்தில் சாக்கை விரித்துக்கொண்டிருந்தாள்.

"கோட்டாறு பக்கமா போச்சு. உள்ள யாரோ அழுதாங்க. பிறகு எல்லாரும் சேர்ந்து சிரிச்சாங்க" என்றாள்.

வழி கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. ஆட்டோக்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றன. குறுக்கே போகும் மின்கம்பிகளை எங்கள் ஆட்கள் மதியமே உயர்த்திக் கட்டியிருந்தார்கள். ஒரு வளைவில் ஓட்டுக்கூரையின் முதுகுகூடத் தெரிந்தது. ஆனால் அந்த வளைவைத் தாண்டினால் மதுக்கடை. அது நடப்பதில்லை. எப்போது போனாலும் அதே இடத்தில் இருக்கும்.

வாசலில் ஜெயசிங் நின்றிருந்தான். பதினோரு வருடங்களாக நாங்கள் சேர்ந்து குடித்தவர்கள்.

"லேய் எட்வின், மூணு நாளா ஆளையே காணல! உடம்புக்கு என்னல?" என்று உண்மையான கவலையோடு கேட்டான். அவன் கையிலிருந்த பிளாஸ்டிக் தம்ளர் என் கைக்கு வந்தது. கை நடுங்கவில்லை. மூன்று நாட்களில் அதுதான் முதல்முறை. நான் என் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு அழகாக அசையாமல் இருந்தன.

அறை திரும்பி வந்து சாலையின் எதிர்ப்பக்கம் நின்றது. பஸ்கள் நின்றன. ஜன்னல் வழியாக ஒரு காலி நாற்காலி தெரிந்தது. போக்குவரத்துப் போலீஸ்காரர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"சார், ஏறுறதுன்னா ஏறுங்க. பின்னால ஆம்புலன்ஸ் நிக்குது."

தம்ளரை ஜெயசிங்கிடம் திருப்பிக் கொடுத்தேன். கை உடனே நடுங்கத் தொடங்கியது. நடுங்கும் கையோடு சாலையைக் கடந்து ஏறினேன். அவன் பின்னாலிருந்து என்னமோ சொன்னான். அறை கிளம்பிவிட்டதால் கேட்கவில்லை.

நீலகண்டன் ஒல்லியான தையற்காரர். எனக்கு அரை தம்ளர் டீ கொடுத்தார். "புதுசா வாறவங்களுக்குப் பாதிதான். சிந்தாது" என்றார்.

என் முறை வந்தது. "என் பேரு எட்வின். மூணு நாளாச்சு. இப்பகூட, வாற வழியில..." அதற்குமேல் வரவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை. நான் அழத் தொடங்கியதும் பக்கத்திலிருந்தவர் எழுந்து ஜன்னலை மூடினார். பாலம் வருகிறது, காற்றடிக்கும் என்றார். பாலம் தாண்டும்வரை அழுதேன். அழுது முடித்தபோது டீ ஆறாமல் இருந்தது. குடித்தேன்.

புஷ்பலீலா அக்காவுக்கு அன்று ஒரு வருடம் நிறைந்திருந்தது. அங்கன்வாடியில் வேலை பார்ப்பவர். ஒரு வருடம் குடிக்காமல் இருந்தவர்களுக்குத் தொலைந்த வருடங்களில் ஒன்றைத் திருப்பித் தருவார்கள். நீலகண்டன் அதை ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்தார். எல்லாரும் கைதட்டினோம்.

அறை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எங்களை இறக்கிவிட்டது. பை கனமாக இருந்ததால் ஒரு காதை நான் பிடித்துக்கொண்டேன்.

"எந்த வருஷம் அக்கா?"

"மக நாலாங் கிளாஸ் படிச்ச வருஷம். அவ இப்ப மஸ்கட்ல நர்ஸ். அந்த வருஷத்துல ஒரு நாள்கூட எனக்கு ஞாபகம் இல்ல தம்பி."

பஸ்ஸில் அக்கா பையை லேசாகத் திறந்தார். உள்ளிருந்து ஒரு சிறுமி ஆறாம் வாய்ப்பாடு சொல்வது கேட்டது. ஆறெட்டில் நின்றுவிட்டது.

"நாப்பத்தெட்டு மக்ளே" என்று பைக்குள் சொல்லிவிட்டு மூடினார்.

கண்டக்டர் வந்து பையைப் பார்த்தார். "இதுக்கு எத்தன வயசாச்சு?"

"தொலைஞ்சு பதினாலு வருஷமாச்சு."

"அப்ப முழு டிக்கெட்" என்று கிழித்துக் கொடுத்தார். ஒரே ஓர் இடம்தான் காலியாக இருந்தது, ஜன்னலோரம். பையை அதில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் இருவரும் நின்றுகொண்டோம்.