அசல் குழாய்

அத்தான் அந்தப் பொட்டலத்தைப் பட்டறை மேசைமேல் பச்சைக் குழந்தையைக் கிடத்துவதுபோல இரண்டு கையாலும் வைத்தார். மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டான். கூட வந்திருந்த அவன் அக்கா அடக்கவில்லை.

"பாருடா தம்பி, சின்னவீட்டுக்குப் பரிசு வந்திருக்கு. எனக்கு ஒரு சீப்பாவது வாங்கிக் குடுத்திருக்காரான்னு கேளு."

சின்னவீடு என்றால் கார். கூரை தாழ்ந்த, இரண்டே பேர் உட்காரும் சிவப்புக் கார். ஒரு காலத்தில் பந்தயத்தில் ஓடியது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். கட்டிய மனைவி பக்கத்து இருக்கையில் இல்லாமல் அத்தான் அதைத் தெருவில் இறக்கியதே கிடையாது.

பொட்டலத்துக்குள் கறுப்பு ரப்பர் குழாய். பெட்ரோலை கார்புரேட்டருக்குக் கொண்டுபோகிற குழாய். காரைச் செய்த கம்பெனியே அந்தக் காலத்தில் செய்து, ஏதோ கிடங்கில் உறை பிரிக்காமல் கிடந்தது. மேலே முத்திரைகூட அழியவில்லை.

"ஒரு வண்டியிலயும் மாட்டாதது மச்சான். புத்தம் புதுசு."

"புதுசு இல்ல அத்தான், மாட்டாத பழசு." மெக்கானிக் அதை வளைத்துப் பார்த்தான். "இது செஞ்சப்ப பெட்ரோல்ல பெட்ரோல் மட்டும்தான் இருந்துச்சு. இப்ப பங்க்ல ஊத்தறதுல எத்தனால் கலந்திருக்கு. இந்த ரப்பர ஊற வெச்சு, உப்ப வெச்சு, வெடிக்க விட்டுடும். இதுக்கு நேர் கீழ சைலன்சர் குழாய் கொதிச்சுக்கிட்டு இருக்கும், தெரியுமில்ல?"

"எத்தனால் கலந்தா ஆக்டேன் கூடும். நம்ம மாதிரி பந்தய என்ஜினுக்கு நல்லதுடா. நானும் படிச்சிருக்கேன்."

அவர் சொன்னதும் பொய்யில்லை. என்ஜினுக்கு அந்தப் பெட்ரோல் ஒத்துக்கொண்டது. மேடேறும்போது வந்த தட்டல் சத்தம்கூடக் குறைந்திருந்தது. ஒத்துக்கொள்ளாதது சுற்றியிருந்த பழைய ரப்பருக்குத்தான். அதனால்தான் மெக்கானிக் எத்தனால் தாங்கும் குழாயை ஏற்கெனவே போட்டுக் கொடுத்திருந்தான். அதில் முத்திரை இல்லை, அது ஒன்றுதான் குறை. பழைய கார்க் கண்காட்சியில் நடுவர்கள் டார்ச் அடித்துப் பார்த்து, அசல் இல்லாத ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண்ணை வெட்டுவார்கள். போன தடவை கோப்பை அந்தக் குழாயால்தான் கைநழுவியது.

"கண்காட்சிக்கு மட்டும்தான்டா. லாரியில ஏத்திக் கொண்டுபோய் லாரியிலேயே கொண்டுவரேன்."

"முடிஞ்சதும் குழாய மாத்த நேரா இங்க வரணும். அக்கா மேல சத்தியம் பண்ணுங்க."

"என் மேல எதுக்குடா?" என்றாள் அக்கா. "கார் மேல பண்ணச் சொல்லு. அப்பத்தான் காப்பாத்துவாரு."

முடியாது என்று அவன் சொல்லியிருக்கலாம். சொன்னால் அத்தான் வேறு பட்டறைக்குப் போவார்; அங்கே கிளிப்பைக்கூட ஒழுங்காக முடுக்க மாட்டார்கள். நாமே செய்தால் செய்வதையாவது திருத்தமாகச் செய்வோம் என்று நினைத்தான். நல்ல மனசு உள்ளவர்கள் இப்படித்தான் சறுக்குகிறார்கள், கண்ணுகளா.

கோப்பை கிடைத்தது. கோப்பை வாங்கிய வண்டியைச் செத்த மாடு மாதிரி லாரியில் ஏற்றுவதா என்று அத்தானுக்கு ரோஷம் வந்துவிட்டது. வழியில் டேங்கை நிரப்பி ஓட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார். மெக்கானிக் போன் செய்தபோதெல்லாம், "நல்லா ஓடுதுடா, அடுத்த வாரம் வரேன்" என்றார். பட்டறையிலும் வேலை கழுத்தை நெரித்தது. வாரங்கள் போயின.

ஒரு மாலை அக்காவே கூப்பிட்டாள். "வண்டிக்குள்ள பெட்ரோல் நாத்தம் குடலப் பிடுங்குதுடா. கேட்டா, அது சின்னவீடு பூசிக்கிற சென்ட்டுன்னு உங்க அத்தான் சிரிக்கிறாரு."

"எடுக்கவே கூடாதுன்னு சொல்லுக்கா. காலையில நானே வந்து மாத்திடறேன்."

காலையில் அவன் போனபோது அத்தான் வீட்டுக் கார்க் கொட்டகைக் கதவு விரியத் திறந்திருந்தது. தரையில் கார் நின்ற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். குனிந்து தொட்டு முகர்ந்தான். பெட்ரோல். அக்காவின் எண்ணுக்கு அடித்தான்; எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். வேறு யாரோ ஓர் ஆள் எடுத்து ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னார்.

தாழ்வாரத்து பெஞ்சில் அத்தான் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையிலும் முழங்கை வரை கட்டு. போனை எடுத்த லாரி டிரைவர் எதிரில் நின்றார். மேட்டுச் சாலையில் கார் முன்பக்கம் புகைவதைப் பார்த்து ஓடியது அவர்தான். அக்காவைக் கட்டியிருந்த நாலு பட்டைப் பந்தய பெல்ட்டைக் கத்தியால் அறுத்து இழுத்ததும் அவர்தான்.

"நீங்க அறுத்தீங்களா?" என்று டிரைவரைக் கேட்டுவிட்டு மெக்கானிக் அத்தானிடம் திரும்பினான். "அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

அத்தான் தரையைப் பார்த்தார். "முன்னாடி."

"முன்னாடின்னா?"

"பானெட்டத் திறந்தேன்டா. சின்னத் தீதான், அடிச்சு அணைச்சிடலாம்னு. அவ தானா எறங்கிடுவான்னு நெனச்சேன். திறந்ததும் காத்து பூந்து குப்புன்னு பத்திக்கிச்சு."

மெக்கானிக்கின் கை அவர் சட்டைக் காலருக்குப் போனது. பாதியிலேயே நின்றது. அந்தக் குழாயை முடுக்கிய கை அல்லவா அது. மெல்லக் கீழே இறக்கிக்கொண்டான்.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "பேசணுங்கறாங்க. யாராவது ஒருத்தர் மட்டும் வாங்க."

அத்தான் எழுந்திருக்கவில்லை. மெக்கானிக் போனான்.

அக்காவின் முகம் மட்டும்தான் துணிக்கு வெளியே இருந்தது. புகை நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது, எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். குரல் வெறும் காற்றாக வந்தது.

"அவரு கை எப்படிடா இருக்கு?"

அவன் விழித்தான்.

"எங்க பாத்தாலும் புகை. அதுக்குள்ள அவரு கை எரியறது தெரிஞ்சுது. என் கதவத் திறக்கத்தான்டா வந்தாரு. சூட்டுல திறக்க முடியல போல."

டிக் டிக்கென்று ஏதோ எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"ரெண்டு கையும் வெந்திருக்குக்கா," என்றான். "கட்டுப் போட்டிருக்காங்க." அதுவரைக்கும் உண்மைதான்.

"பைத்தியக்கார மனுஷன்." அவள் உதடு ஒரு பக்கமாகக் கோணியது, சிரிக்கப் பார்த்தாள். "நான் திட்ட மாட்டேன். வரச் சொல்லு."

வெளியே வந்தான். "கூப்பிடறா."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. கதவத் திறக்க வந்து சுட்டுக்கிட்டீங்கன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா."

நர்ஸ் மறுபடி எட்டிப் பார்த்த பிறகுதான் அத்தான் எழுந்தார். கட்டுப் போட்ட கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை அவருக்கு. கடைசியில் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, தோளால் கதவைத் தள்ளி உள்ளே போனார்.