கடல் ஆடு தெரியாதவன்

ரோமாபுரியை, சீனத் தலைநகரான லோயாங்கின் மக்கள் தா ச்சின் என்பார்கள். அரண்மனை வரலாற்று எழுத்தர் யின் லூவுக்கு அந்த நாட்டின் மேல் ஒரு பைத்தியம். அதைப் பற்றி மூங்கில் சுவடிகளில் உள்ளதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அங்கிருந்து வந்த ஒருவனையாவது கண்ணால் கண்டு, கேட்டு எழுதிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை.

தெற்குத் துறைமுகம் வழியாக அப்படி ஒருவன் வந்தே விட்டான். தா ச்சின் அரசன் அனுப்பியதாகச் சொல்லித் தந்தமும் ஆமை ஓடும் கொண்டுவந்திருந்தான். ஆள் நிஜமா என்று விசாரிக்கும் வேலை லூவிடம் வந்தது. எதையும் பழஞ்சுவடியோடு ஒத்துப்பார்ப்பதுதான் அந்த அலுவலகத்து வழக்கம். லூவும் சுவடியை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"உங்க ஊர்ல திருடனே கிடையாதாமே?"

மொழிபெயர்ப்பாளன் வெய் சிரித்தான். "ராஜ வீதியிலேயே இவன் பணப்பைய அறுத்துட்டாங்களாம், ஐயா."

"பஞ்சம் வந்தா ராஜாவ மாத்திடுவீங்க, அவரும் கோவிச்சுக்காம எறங்கிடுவாராமே?"

"எறங்குவாராம். ஆனா தலை இருக்காதாம்."

"சரி, உங்க கடல்ல ஆடு வாழுதாமே, அந்தக் கடல் ஆட்டு ரோமத்துல துணி நெய்வீங்கல்ல?"

"ஆடு கடல்ல விழுந்தா செத்துப்போகும்கறான், ஐயா!"

லூவுக்கு எரிச்சலாக வந்தது. இத்தனை வருஷம் காத்திருந்து கிடைத்தவன் இப்படியா இருப்பான்? 'இவன் தா ச்சின் நாட்டான் அல்லன்' என்று எழுதி அனுப்பிவிட்டார். அன்று மாலையே அது அரசவையில் படிக்கப்பட்டது. படித்தது படித்ததுதான், மாற்ற முடியாது. வந்தவன் பேரரசரைப் பார்க்காமலே திரும்ப வேண்டியதாயிற்று.

மறுநாள் காலை, மரியாதைக்கு வழியனுப்பப் போனார் லூ. வண்டியில் ஏறியவன் அவரைப் பார்த்து ஏதோ சொன்னான்.

"என்னப்பா சொல்றான்?"

"சீனாவுல பட்டு மரத்துல விளையுது, இலையிலேருந்து சீவி எடுக்கறாங்கன்னு இவங்க ஊர்ப் பெரியவங்க எழுதி வச்சிருக்காங்களாம். வர்ற வழியில பட்டுப்புழுவைப் பார்த்தானாம். ஊருக்குப் போயி புழுன்னு சொன்னா, நீ சீனாவுக்கே போகலடாம்பாங்களாம்."

என்ன காரியம் செய்துவிட்டோம்! நிஜமான ஆளை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு சுவடியை அல்லவா பார்த்துக்கொண்டிருந்தார் லூ? வண்டிச் சட்டத்தை ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, உங்க ஊரு எப்படிப்பா இருக்கும்?"

வெய் கேட்டுவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"இத நேத்தே கேட்டிருக்கலாமேங்கறான், ஐயா."

வண்டிக்காரன் சாட்டையைச் சொடுக்கினான்.