வளைவுப் பங்கு

அந்த ஊரில் பேருந்தைப் பங்கு பிரிக்கும்போது நேரான பாகங்கள் மகன்களுக்கும் வளைவுகள் மகள்களுக்கும் போகும். அர்த்தநாரியின் பேருந்தும் அப்படித்தான் பிரிந்தது.

அர்த்தநாரி வீடு கட்டவில்லை. இருந்த ஒரே டவுன் பஸ்ஸை ஓட்டி மூன்று பிள்ளைகளை ஆளாக்கினார். ஒருநாள் கடைசி டிரிப்பை முடித்து வண்டியைக் கொட்டகைக்குள் விட்ட கையோடு கண்ணை மூடிவிட்டார். வண்டியின் முன்பாதி மூத்தவன் சென்னியப்பனுக்கு வந்தது. பின்பாதி இளையவன் மயில்சாமிக்கு. கூரை வளைந்து இறங்கிச் சுவரைத் தொடும் இடங்கள், அதாவது முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, தங்கை கோகிலவாணிக்கு.

பங்கு பேச வந்த பெரிய மனிதர் வளைவுகளைத் தட்டிப் பார்த்தார். "நாலு வளைவு. நெறையத்தானுங்க. என்ற தங்கச்சிக்கு ஜீப்புல குடுத்தோம். அதுல என்ன வளைவு இருக்குது சொல்லுங்க? ஆனா ஒரு வார்த்தை பேசல, மகராசி."

சென்னியப்பன் தங்கையின் தலையைத் தடவினான். "ஒருக்களிச்சுப் படு அம்மிணி. பழகிரும்."

பழகிவிட்டது. தகரத்துக்கும் உட்பலகைக்கும் நடுவே நாலு விரல் அகலம் இருந்தது. முன் வளைவில் அடுப்பு. இடது வளைவில் புடவையை நீளவாக்கில் விரித்தால் மடிப்புக் கலையாமல் கிடக்கும். தூக்கம் பின் வளைவில். கண்டக்டர்கள் நிற்காமல் ஓடிப்போன வருடங்களில் அப்பாவின் வண்டியில் கோகிலவாணிதான் டிக்கெட் கிழித்தாள். அந்த விசில் இன்னும் கழுத்தில் கிடந்தது. புரண்டு படுக்கும்போது தாடையில் குத்தும். மற்றபடி குறையொன்றும் இல்லை.

அண்ணன்மார் இருவரும் சீட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு வீடு கட்ட ஆரம்பித்தார்கள். சுவருக்குப் பிளைவுட், அதன்மேல் தேக்கு நிறத்தில் சன்மைக்கா, கூரைக்கு வெள்ளைப் பலகை. நேரான ஓரங்களுக்கெல்லாம் இடுக்கை மறைக்கும் பீடிங் பட்டை அடித்து முடித்தாயிற்று. வளைவுக்கு வந்ததும் வேலை நின்றது. நேர் பீடிங்கை வளைத்தால் டப்பென்று முறிந்தது. முறியாதது நடுவில் எம்பிக்கொண்டு நின்றது. கூரையும் சுவரும் சேரும் இடமெல்லாம் ஓர் இடுக்கு வாயைப் பிளந்துகொண்டு கிடக்க, அதற்குள் கோகிலவாணி இருந்தாள்.

"சோத்துக்கு உக்காந்தா மேலருந்து ரெண்டு கண்ணு" என்றாள் சென்னியப்பனின் மனைவி பூங்கொடி. "அவுங்க ஒண்ணும் சொல்றதில்லீங்க. அதச் சொல்லோணும்ல. ஆனா எனக்கு எறங்க மாட்டேங்குது."

அந்தச் சமயத்தில்தான் சென்னியப்பனின் மகள் பிருந்தாவுக்கு இடம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். சென்னியப்பன் நாற்காலி போட்டு ஏறி இடுக்கில் வாயை வைத்தான்.

"அம்மிணி, தூங்கறயா?"

"இல்லீங்ணா. கேட்டுட்டுத்தான் இருக்கறேன்."

"அதான் சங்கடமே. வர்றவங்க அண்ணாந்து பாத்தா வீடு பாதியில நிக்கறாப்பல இருக்குது. வளையற பீடிங் எங்காச்சும் கெடைக்குதான்னு பாத்துட்டு வா."

"நானுங்களா?"

பின்பாதியிலிருந்து மயில்சாமியின் குரல் வந்தது. "பின்ன? அளவு உனக்குத்தான தெரியும்? நாங்க என்ன அதுக்குள்ள படுத்தா பாத்தோம்?"

"சுத்தியும் அடைச்சுட்டா, நான் எப்படிங்ணா வெளிய வர்றது?"

"எங்க போறதுக்கு?" என்றான் சென்னியப்பன். குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். கோகிலவாணி புடவையை உதறிக் கட்டிக்கொண்டு கடைவீதிக்குப் போனாள்.

அளவு நாடா எடுத்துப் போகவில்லை. தேவைப்படவும் இல்லை. அவள் நிற்பதைப் பார்த்தே கடைக்காரர்கள் அளவைக் கணித்துவிட்டார்கள்.

முதல் கடை அலுமினியக் கடை. முதலாளி ஒரே நேரத்தில் போனிலும் அவளோடும் பேசினார். "அலுமினியம் வளையாதுங்க. இல்லப்பா, உனக்கில்ல, இங்க ஒரு அம்மாவுக்கு. வளைச்சா முறுக்கிட்டு நிக்குமுங்க, மாமனார் வூட்டுல மாப்பளையாட்ட. வேற? வேற இல்லீங்களா? சரிங்க. இல்லப்பா, நீ சொல்லு."

இரண்டாவது ரப்பர் கடை. வாசலில் இருந்த ஆள் திருவிழாவில் மைக் பிடித்தவன்போல் இழுத்தான். "வாங்க மேடம் வாங்க, வெயிலுக்கு உருகாது, மழைக்கு ஊறாது, கரையான் திங்காது, எலி கொறிக்காது, ஒருமொற போட்டா ஒம்போது தலமொற." அந்த ரப்பர் சொன்னபடி வளைந்தது. கையை எடுத்ததும் மறந்துவிட்டது.

மூன்றாவது கடை பஸ் பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவே ஒரு சந்தில் இருந்தது. உள்ளே ஒரு பெஞ்சு. அதில் மூன்று பெண்கள், ஆளுக்கொரு விதமாக வளைந்து, வரிசைக்குக் காத்திருந்தார்கள். கோகிலவாணி ஓரமாக உட்கார்ந்தாள்.

"என்ன வண்டிங்க உங்குளுது?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"டவுன் பஸ்ஸுங்க."

"குடுத்து வச்சவங்க. கைகால் நீட்டலாம். எங்குளுது மினி பஸ்ஸு. கழுத்தத் திருப்பறதுக்கே கதவத் தொறக்கச் சொல்லோணும்."

"உனக்காச்சும் பஸ்ஸு" என்றாள் அடுத்தவள். "எங்கப்பன் வச்சுருந்தது வேனு. எனக்கு வந்தது டயருக்கு மேல இருக்கற மேடு. எந்நேரமும் எங்கண்ணன் அதுமேல கால வச்சுட்டுத்தான் டிவி பாக்கறான். கிரிக்கெட்டுன்னா ரெண்டு காலும்."

"கிரிக்கெட்டு பரவால்ல. நடுவுல எந்திரிச்சுக் குதிக்கற ஆளா?" என்றாள் மினி பஸ்காரி.

"குதிப்பான், குதிப்பான். நம்மாளு ஜெயிச்சா என்ற இடுப்பு போச்சு."

பட்டுப்புடவை கட்டிய மூன்றாமவள் கையிலிருந்த கர்ச்சீப்பை மடித்தபடி, "நமக்கு ஏசி ஸ்லீப்பர்" என்றாள். மற்ற இருவரும் அவள் புடவை ஜரிகையைப் பார்த்தார்கள். அவளே, "அந்தக் காத்து நேரா வளைவுக்குள்ளதான் வந்து அடிக்குது. மார்கழி, சித்திரைன்னு இல்ல, எப்பவும் சளி" என்றாள். மற்ற இருவருக்கும் மனம் ஆறியது. அவளுக்கு உட்கார இன்னும் கொஞ்சம் இடம் விட்டார்கள்.

கடைக்காரர் நாடி பிடிக்கிறவரைப்போல் மெதுவாகப் பேசினார். கோகிலவாணியின் முறை வந்ததும், "உள்ள ஆள் இருக்குதுங்களா, காலிங்களா?" என்று கேட்டார்.

"ஆள் இருக்குதுங்க."

"யாருங்க?"

"நான்தானுங்க."

தலையசைத்துக்கொண்டார். "ஆள் இருந்தா வேற ரகமுங்க. காத்துக்கு ஊசித்துளை போட்டு வரும். ஆனா அம்மைத் தழும்பாட்டத் தெரியும், பார்வையா இருக்காது. காலி வளைவுக்குப் போடறது வழவழன்னு இருக்கும். வீட்ல என்ன சொன்னாங்க?"

"பாக்கறதுக்கு நல்லா இருக்கோணும்னாங்க."

"அப்பக் காலின்னே வச்சுக்கலாம். எல்லாரும் அதத்தான் வாங்கறாங்க."

பெஞ்சில் இருந்தவர்கள் ஆமாம் என்றார்கள். கடைக்காரர் ஒரு நீளத்தை எடுத்து அவள் பிடரியிலிருந்து இடுப்புவரை வைத்து அழுத்தினார். பீடிங் முதுகோடு ஒட்டி உட்கார்ந்தது. கையை எடுத்த பிறகும் அப்படியே இருந்தது.

"ஒருக்கா வளைஞ்சா அப்புறம் நேராகறதுங்கற பேச்சே இல்லீங்க" என்றார். "ஆணி மட்டும் உள்ளருந்து அடிக்கோணும். வெளிய தலை தெரிஞ்சா அசிங்கம். கழட்டறதும் உள்ளருந்துதான். அதனாலதான் உங்களாட்ட ஆளுங்களே வந்து வாங்கிட்டுப் போறது."

வியாழக்கிழமை கோகிலவாணி உள்ளே படுத்தபடி பீடிங் அடித்தாள். அண்ணன்மார் கீழே நின்று வழி சொன்னார்கள். "இழுத்து அடி அம்மிணி. மூலைல எம்புது. அப்படித்தான். கைவேலைன்னா கைவேலை." கடைசிச் சாண் மிச்சமிருக்கையில் பூங்கொடி ஒரு சொம்புத் தண்ணீரையும் ஒரு பொட்டலம் முறுக்கையும் உள்ளே நீட்டினாள்.

"வெறும் வயித்தோட கெடக்காத" என்றாள். "கடிக்கறப்ப மட்டும் சத்தம் வராமப் பாத்துக்க."

கோகிலவாணி கடைசி ஆணியை அடித்தாள். இருட்டானது.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கோகிலவாணிக்கு எதுவும் தெரியவில்லை, ஆனால் எல்லாம் கேட்டது. செருப்பு கழற்றும் சத்தம். வாங்க வாங்க. காபி ஆற்றும் சத்தம். பிருந்தா விழுந்து கும்பிட்டபோது எழுந்த கொலுசுச் சத்தம். பிறகு மாப்பிள்ளையின் அம்மா அண்ணாந்து பார்த்திருக்க வேண்டும்.

"அடேங்கப்பா. வெண்ணெயில இழுத்தாப்பல இருக்குது. யாருங்க பீடிங் போட்டது?"

"நான்தானுங்க" என்றான் மயில்சாமி. "நேத்து ஒக்காந்து ஒக்காந்து இடுப்பே போச்சு."

பேச்சு சீருக்கு வந்தது. சென்னியப்பன் தொண்டையைச் செருமினான். "நகை நட்டு ஊர்ல செய்யறாப்பல செஞ்சர்றோமுங்க. அதுபோக, இந்த வளைவு நாலும் பொண்ணுக்குத்தானுங்க."

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்து கோகிலவாணியின் விலாவுக்கு நேராக விரலால் தட்டினாள். "காலிதானுங்களே? தப்பா நெனச்சுக்காதீங்க. இப்பெல்லாம் உள்ள ஆள வச்சுட்டே குடுத்துப் போடறாங்க. அப்புறம் சோறு தண்ணி எல்லாம் நம்ம தலைல."

கோகிலவாணியின் வாயில் முறுக்கு இருந்தது. கடிக்காமல் வைத்திருந்தாள். அண்ணன் என்ன சொல்வான் என்று கேட்க அவளுக்கு ஆசையாக இருந்தது. வளைவு போனால் அவளுக்கு வேறு இடம் கிடையாது. அது அண்ணனுக்கும் தெரியும்.

"காலிதானுங்க" என்றான் சென்னியப்பன். குரலில் ஒரு பிசிறு இல்லை.

கோகிலவாணி முறுக்கைக் கடித்தாள்.

"எலிங்களா?"

"பழைய வண்டிங்க" என்றாள் பூங்கொடி. "மருந்து வைக்கோணும்."

கோகிலவாணி சுத்தியலைத் திருப்பிப் பிடித்து ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தாள். அடித்த வரிசையிலேயே பிடுங்கினாள். பீடிங்கைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு தன் பங்கைக் கழற்றினாள். முன் வளைவு, இடது வளைவு, வலது வளைவு, பின் வளைவு. அண்ணன்களுக்குச் சேர வேண்டியதில் ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை. பின்பக்க ஏணி வழியாக நான்கையும் ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினாள்.

வளைவு போனதும் கூரைக்கும் சுவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது. கூரை அவசரப்படாமல் இறங்கி வந்து எல்லோருடைய தலைமீதும் உட்கார்ந்தது. விருந்தாளிகள் காபி டம்ளரைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்துக்கொண்டார்கள்.

"கூரை தாழ்வுங்களோ?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா, கழுத்தைச் சாய்த்து.

"தாழ்வா இருந்தாத்தானுங்க குளுகுளுன்னு இருக்கும்" என்றாள் பூங்கொடி. "இன்னொரு டம்ளர் காபி?"

கொட்டகைக்கு வெளியே கோகிலவாணி வளைவுகளை ஒன்றன் முனையில் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். நான்கும் சேர்ந்து வட்டமாயின. மூட்டுகளைப் பீடிங்கால் சுற்றிக் கட்டினாள். எந்த இடத்திலும் எம்பவில்லை. உள்ளே ஏறி ஒருக்களித்துப் படுத்தாள். வட்டம் உருள ஆரம்பித்தது.

நேரான பாகம் ஒன்றுகூட இல்லாததால் அது நேராகப் போகவில்லை. கடைவீதி, பட்டறைச் சந்து, ஆற்றுப்பாலம், மேம்பாலத்தடி என்று சுற்றிக்கொண்டு மறுபடி கொட்டகை வாசலுக்கே வந்தது. அடுத்த சுற்றும் அப்படியே. எங்கே போவதற்கு என்று அண்ணன் கேட்டதற்கு அவளிடம் இன்னும் பதில் இல்லை. நிறுத்தங்களில் ஆட்கள் கைகாட்டினார்கள். அவள் விசில் ஊதினாள். ஏறினார்கள். ஏறிய இடத்திலேயே இறங்கிக்கொண்டார்கள். வண்டி நேரத்துக்கு வருகிறது என்று ஊரில் நல்ல பெயர் ஆகிவிட்டது.

ஒரு மழைநாளில் வண்டி காலியாக வந்துகொண்டிருந்தது. கொட்டகை வாசலில் சென்னியப்பன் நின்று கைகாட்டினான். கூரையைத் தாங்கித் தாங்கி அவன் தலை தோளுக்குள் பாதி இறங்கியிருந்தது. நிமிர்ந்து யாருடைய முகத்தையும் பார்க்க அவனால் முடியாது. வட்டத்தின் விளிம்பை மரியாதையாகத் தொட்டுக்கொண்டு கேட்டான்.

"காலியா இருக்குதுங்களா?"

கோகிலவாணி உள்ளே ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"காலிதானுங்க. ஏறுங்க."

அவன் ஏறினான். உட்காரவும் நிற்கவும் இடம் தேடிக் கையால் துழாவினான்.

"ஒருக்களிச்சுப் படுங்க" என்றாள் கோகிலவாணி. "பழகிரும்."

விசிலை ஊதினாள்.