எட்டு நம்பர்

அண்ணன் பாலகுமார் கொடுத்த பழைய லேப்டாப்பைக் கண்டதுமே செல்வகுமாருக்கு வயிறு எரிந்தது. கேட்டு இல்லையென்று சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது போயிருக்கலாம். சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

இந்த எரிச்சலுக்கு வயது இருபது. அப்பா நெய்வேலி சுரங்கத்தில் வேலையில் இருக்கும்போதே இறந்தார். வாரிசு வேலை ஒன்றுதான், மூத்தவருக்குப் போயிற்று. பாலகுமார் பர்மனெண்ட் ஆனார், டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது, வாசலில் இரண்டு மாமரம். செல்வகுமார் அதே சுரங்கத்தில் இன்னும் கான்ட்ராக்ட், குடியிருப்பது வடலூரில் வாடகை வீட்டில். அண்ணனுக்கும் அண்ணி தேவயானிக்கும் பிள்ளை இல்லை. அதை ஒரு குறையென்று செல்வகுமார் நினைத்துப் பார்த்ததே கிடையாது. அவன் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் மாமரந்தான்.

லேப்டாப், பாலிடெக்னிக்கில் படிக்கும் மகள் சண்முகப்ரியாவுக்கு. திங்கட்கிழமை அவள் ப்ராஜெக்ட்டைக் கொடுத்தாக வேண்டும். ஆன் செய்தால் கறுப்புத் திரையில் பாஸ்வேர்டு கேட்டு நின்றது.

ரிப்பேர் கடை வெங்கடேஷ் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இது விண்டோஸ் பாஸ்வேர்டு இல்லீங்க, பயாஸ்ல போட்டது. மெஷின் முழிக்கிறதுக்கு முன்னாடியே கேக்கும். ஃபார்மட் அடிச்சாலும் போகாது. உங்க அண்ணனையே கேட்டுடுங்க. மூணு தடவ தப்பா போட்டா நின்னுடும், ஆஃப் பண்ணிட்டு மறுபடி போடணும்."

செல்வகுமார் பல்லைக் கடித்துக்கொண்டு அண்ணனுக்குப் போன் செய்தான்.

"எட்டு நம்பர்டா," என்று பாலகுமார் குரலைத் தாழ்த்தினார். "போன்ல வேணாம். நாளைக்கு ஷிஃப்ட் முடிச்சிட்டு நானே வந்து போட்டுத் தரேன்."

"பாத்தியா? குடுத்த பொருளுக்கும் சாவி அவரு இடுப்புலதான் இருக்கணும்," என்று மகளிடம் பொருமினான்.

எட்டு நம்பர் என்றால் தேதிதான். என்ன தேதி என்று யோசிக்கவே வேண்டாம். நெய்வேலியில் கல்யாண நாளை மறந்தவர்கள் உண்டு, பர்மனெண்ட் ஆன நாளை மறந்தவர் எவருமில்லை. அண்ணன் விஷயத்தில் அது செல்வகுமாருக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். அடித்தான். தப்பு. வேலையில் சேர்ந்த தேதியை அடித்தான். அதுவும் தப்பு. குவார்ட்டர்ஸ் சாவி வாங்கிய தேதிகூட அவனுக்கு மனப்பாடம். அதையும் அடித்ததும் மெஷின் அப்படியே நின்றது.

"விடுங்கப்பா. பெரியப்பா வரட்டும்," என்றாள் ப்ரியா.

"ஏன், அவரு கை பட்டாத்தான் தொறக்குமோ?"

மறுநாள் மத்தியானம், யூனிஃபார்மில் கரித்தூசியோடு பாலகுமார் நேரே வந்து நின்றார். லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்த செல்வகுமார் எழுந்திருக்கவில்லை.

"நேத்து உங்க அண்ணி பக்கத்துலயே இருந்தா, அதான் சொல்லல. கேட்டா மனசு கஷ்டப்படுவா." பாலகுமார் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீயே போடு. நம்ம ப்ரியா பொறந்த தேதிதான்."

இத்தனை வருடமாகப் பொறாமைப்படுவது தான் மட்டுந்தான் என்று செல்வகுமார் நினைத்திருந்தான். தன்னைப் பார்த்தும் ஏங்க ஒருவர் இருக்கிறார் என்பதில் ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்படிச் சந்தோஷப்பட்டது உடனே அசிங்கமாகவும் இருந்தது.

விரலைக் கீபோர்டில் வைத்தான். மாதம் ஆகஸ்ட். வருடமும் தெரியும். நாள்? பதிமூன்றா, பதினான்கா? மகள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். பதிமூன்று என்று போட்டான். தப்பு என்றது திரை.

"பதினாலுடா," என்றார் பாலகுமார்.

ப்ரியா அப்பாவைப் பார்க்கவில்லை. பெரியப்பாவைத்தான் பார்த்தாள்.