ஒன்பதாவது பெயர்

என் பரிசோதனையில் மொத்தம் இருபது பேர். எல்லாரும் விடுதி ஆட்கள், நரின் மலைப்பக்கத்துக் கிர்கிஸ்காரர்கள். பன்னிரண்டு ஆண் பெயர்களை நொடிக்கு ஒன்றாக வாசிப்பேன். பிறகு முந்நூறிலிருந்து மூன்று மூன்றாகக் கழிக்க வைப்பேன். அதற்கப்புறம் பெயர்களைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆறு தேறினாலே நல்ல ஞாபகம் என்று பாடத்தில் படித்திருந்தேன். என் ஆட்களோ பதினொன்று, பன்னிரண்டு என்று அள்ளினார்கள், அதுவும் வரிசை மாறாமல். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜிபார் அக்காவுக்கு அந்தச் சந்தோஷம் இல்லை. பிஷ்கேக்கில் எங்கள் உளவியல் பிஎஸ்சி இரண்டாம் ஆண்டுக்கு ஆய்வுமுறை எடுப்பவர் அவர்தான். ஆசிரியைகளை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

“அய்பீகே, இதெல்லாம் ரூம்ல உக்காந்து நீயே எழுதினதா?”

“இல்லக்கா, சத்தியமா இல்ல.”

“ஒருத்தன் இப்படிச் சொன்னா நம்பலாம். இருபது பேருமா? என் கண்ணு முன்னாடி செஞ்சு காட்டு. இல்லேன்னா பொய்த் தரவுன்னு துறைக்கு எழுதிடுவேன்.”

எழுதினால் கல்லூரியை விட்டே அனுப்பிவிடுவார்கள். அந்த நேரம் வகுப்பில் மிச்சமிருந்தது திலேக்கும் கிரிலும் மட்டும்தான். பட்டியலை நான் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருப்பேனோ என்று அக்காவுக்குச் சந்தேகம். அதனால் மனசுக்கு வந்த பன்னிரண்டு பெயர்களை அவரே புதிதாக எழுதினார். நான் வாசித்தேன், போனில் பதிவு ஓடியது.

முதலில் ரஷ்யக் குடும்பத்துப் பையன் கிரில். ஐந்து பெயரோடு நின்றுவிட்டான்.

“சம்சா வாங்கித் தர்றேன்னு சொல்லியிருந்தா ஆறு சொல்லியிருப்பேன்” என்றான். அக்கா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

அடுத்து, அதுவரை வெளியே நின்ற நரின் பையன் திலேக். கண்ணை மூடினான், மளமளவென்று கொட்டினான். நானும் அக்காவும் தனித்தனித் தாளில் டிக் போட்டுக்கொண்டே வந்தோம். இரண்டு தாளிலும் பன்னிரண்டு.

“எப்படிடா?” என்றார் அக்கா.

“யாரோட வம்சம்க்கா இது? இவ படிக்கப் படிக்க அப்பன், தாத்தன், பூட்டன்னு அதுவா அடுக்கிக்கிச்சு.”

எனக்குச் சுரீரென்றது. பள்ளிக்கூடம் போகும் முன்பே ஏழு தலைமுறைத் தகப்பன் பேரை ஒப்பிக்கிற ஜனங்கள் நாங்கள். எங்களிடம் போய் ஆண் பெயர்களை வரிசையாக வாசித்திருக்கிறேன். நான் அளந்தது ஞாபகத்தை இல்லை.

“அக்கா,” கிரில் கையைத் தூக்கினான், “அவன் பதினொண்ணுதான் சொன்னான். சோல்பான் வரவே இல்ல.”

“சோல்பானா?” என்றான் திலேக். “பொம்பளப் பேரு எதுவும் படிக்கலையே.”

“இவ படிச்சா. ஒம்பதாவதா நான்தான் எழுதினேன்” என்றார் அக்கா. “நீ சொன்னதையும் கேட்டேனே.”

பதிவைப் போட்டோம். என் குரலில் சோல்பான் தெளிவாக இருந்தாள். திலேக்கின் குரலில் எட்டாவது பெயருக்கு அடுத்துப் பத்தாவது. நடுவில் மூச்சு விடுகிற இடைவெளிகூட இல்லை. தகப்பன் வரிசையில் பெண்ணுக்கு இடமில்லை, அவன் மனசு அவளை வழித்து எடுத்துவிட்டது. அது போகட்டும். பட்டியலைக் கையில் வைத்திருந்த நாங்கள் இரண்டு பெண்கள், சொல்லாத பெயருக்கு டிக் போட்டிருக்கிறோம்.

அக்கா தன் டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாக உளவியல் சொல்லிக்கொடுப்பவர்.

“உன் பரிசோதனை சுத்தத் தப்பு, தெரியுதா? பட்டியலே தப்பு.”

“தெரியுதுக்கா.”

“ஆனா பொய் இல்ல.” துறைக்கு எழுத வைத்திருந்த தாளை இரண்டாகக் கிழித்தார். “பதிவ இன்னொரு தடவ போடு.”

போட்டேன். எங்கே விடுபடுகிறது என்று தெரிந்தேதான் காது கொடுத்தேன். அப்படியும் எதுவும் விடுபட்டதாகத் தோன்றவில்லை, பன்னிரண்டும் கேட்ட மாதிரியே இருந்தது.

“எனக்கும்தான்” என்றார் அக்கா, மெதுவாக.