இரண்டாம் பிரதிவாதியின் ஸ்கூட்டர்

சம்மன்காரர் அந்த மூன்றாவது மாடிக்கு வருவது முதல் தடவை அல்ல. ஒவ்வொரு முறையும் அவர் மணியடித்ததும் உள்ளே டிவி சத்தம் சட்டென்று நிற்கும், அதோடு சரி. ஆள் இருப்பது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது உள்ளே இருப்பவர்களுக்கும் தெரியும். ஆனாலும் கோர்ட் தாளை உரியவர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கினால்தான் அவர் வேலை முடியும்.

இன்று படியெல்லாம் ஒரே ஈரம். மேல்படியில் கால் வைத்ததும் கால் ஒரு பக்கம் போனது, உடம்பு இன்னொரு பக்கம் போனது. இத்தனை நாள் மணிக்குத் திறக்காத கதவு அவர் போட்ட கூச்சலுக்குத் திறந்துகொண்டது.

"அய்யய்யோ, நான்தான் சோப்புத் தண்ணி ஊத்திட்டு உள்ள போனேன்! எங்க அடி?"

ஓடிவந்தவளுக்கு நாற்பது வயதிருக்கும். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். அவர் பதில் சொல்வதற்குள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, சோபாவில் உட்காரவைத்து, காலை ஸ்டூல்மேல் ஏற்றிவிட்டாள்.

"விரலை அசைங்க. ம்... முறியலைன்னு நினைக்கிறேன். பிசகியிருக்கு."

பனிக்கட்டியைத் துணியில் சுற்றி ஒற்றி ஒற்றி எடுத்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து அவர் பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டு கட்டுப் போட்டாள். வேலை முடிந்து நிமிர்ந்தபோதுதான் சோபாவில் கிடந்த அவருடைய கோர்ட் பையைப் பார்த்தாள். அப்புறம் அவர் முகத்தை.

"நீங்களா! கதவுத் துளையில பார்த்தா மூக்கு பூசணிக்காய் மாதிரி தெரியும். அதான் அடையாளம் தெரியலை."

"நானும் இத்தனை நாளா உங்க கதவைத்தானேம்மா பார்த்தேன்."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கியதும் பை மட்டும் நடுவில் கிடந்தது.

"சார், இந்தக் கட்டுக்காகவாவது 'வீடு பூட்டியிருந்துச்சு'ன்னு எழுதிட்டுப் போயிருங்க" என்றாள் தணிந்த குரலில். "அப்பா வாழ்ந்த வீடு இது. எங்கண்ணன் எங்களை இங்கருந்து கிளப்பப் பார்க்கிறான். பேப்பரை வாங்காத வரைக்கும் கேஸ் நகராதுன்னு கீழ்வீட்டு மாமா சொல்றார்."

"மாமா வக்கீலா?"

"கண்ணாடிக்கடை வச்சிருந்தார். ஆனா எல்லாத்துக்கும் யோசனை சொல்வார்."

சம்மன்காரர் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகிற வாசலெல்லாம் வசவு வாங்கியவர் அவர். நாயை அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள். மாடியிலிருந்து தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். அவர் காலை யாரும் மடியில் வைத்ததில்லை. அவள் கேட்பது ஒரே ஒரு வரி, எழுதிவிட்டுப் போய்விடலாம்.

"எழுதுறது எனக்குப் பெரிசில்லை, டீச்சரம்மா" என்றார். "ஆனா அது உங்களுக்குத்தான் கெடுதல். அடுத்த தடவை இதைக் கதவுல ஒட்டச் சொல்லி உத்தரவு போடுவாங்க. ஒட்டிட்டா உங்க கைக்கு வந்த மாதிரிதான். அதுக்கப்புறமும் நீங்க போகலைன்னா, உங்கண்ணன் சொல்றது மட்டும்தான் ஜட்ஜ் காதுல விழும். வீடு கைவிட்டுப் போறதே அப்படித்தான்."

"நிஜமாவா?"

"என் கால்மேல சத்தியம். நல்ல கால்மேல."

அவள் சிரிக்கவில்லை. கதவை ஒரு தரம் பார்த்தாள். பிறகு தாளுக்காகக் கையை நீட்டினாள்.

முதல் பக்கத்தைப் பயந்து பயந்து படித்தாள். இரண்டாம் பக்கத்தில் மூச்சு கொஞ்சம் சீரானது. முழு வீட்டையும் அல்ல, வீட்டை விற்றுப் பாதிப் பணம்தான் கேட்டிருந்தான் அண்ணன். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரிக்கு வந்ததும் எழுந்து நின்றுவிட்டாள்.

"'தகப்பனாரை அவருடைய கடைசிக் காலத்தில் முதல் பிரதிவாதி கவனிக்கவில்லை.' நானா கவனிக்கலை? அப்பாவைப் புரட்டிப் படுக்கவச்சு என் இடுப்பே போச்சு! இவன் போன்ல முகத்தைக் காட்டிக் கையாட்டினான், அவ்வளவுதான். பேனாவைக் குடுங்க சார்."

தாள் கிழிந்துவிடுமோ என்று அவர் பயப்படும்படி கையெழுத்துப் போட்டாள்.

"எப்ப வரணும்? இன்னைக்கே வரட்டுமா?"

"தேதி போட்டிருக்கும்மா. அன்னைக்கு வந்தாப் போதும். அதுக்குள்ள ஒரு வக்கீலைப் பாருங்க. கண்ணாடிக்கடை மாமாவை இல்ல." கொஞ்சம் தயங்கி, "இன்னொரு பிரதி இருக்கு. இரண்டாம் பிரதிவாதி, உங்க வீட்டுக்காரர்" என்றார்.

"ஏங்க! போதும், வெளிய வாங்க!"

குளியலறைக் கதவு திறந்தது. தோளில் துண்டு, காய்ந்த தலை.

"குளிச்சிட்டிருந்தேன்."

"தண்ணி சத்தமே கேட்கலையே சார்" என்றார் சம்மன்காரர்.

"வாங்குறதை வாங்கித் தொலைச்சிரலாம்னு நான் அப்பவே சொன்னேன் சார். இவ கேட்டாத்தானே" என்றபடி கையெழுத்துப் போட்டார் வீட்டுக்காரர்.

"நீங்களா சொன்னீங்க? அந்தக் குளியல் ஐடியா யாரோடது?" என்றாள் டீச்சர். பிறகு சம்மன்காரர் பக்கம் திரும்பினாள். "நான் உங்களைக் கீழ தள்ளினேன், நீங்க என் வீட்டைப் பிடிச்சு நிறுத்தினீங்க. எதுக்கும் காலை ஒரு எக்ஸ்ரே எடுத்துரலாம். ஏங்க, வண்டியை எடுங்க."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி அவரைக் கீழே இறக்கினார்கள். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, வீட்டுக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டார் சம்மன்காரர். ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டி ஆமைபோல் ஊர்ந்தது.

"வலிக்குதா சார்?"

"இல்ல சார்."

வலித்தது. சிக்னலில் வண்டி நின்றபோது, "ரொம்ப நன்றி சார்" என்றார். பக்கத்து லாரியின் இரைச்சலில் அது கேட்கவில்லை.

"என்ன சார்?"

இன்னும் சத்தமாக, தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, மறுபடியும் சொன்னார்.